பட்டறைத் தெரு ஓட்டு கேட்டது

அந்த ஊரில் ஓட்டு வீட்டோடு சேர்ந்து வரும். சொந்தப் பெயரில் வீடோ நிலமோ இருந்தால் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். வாடகைக்கு இருந்தால் வேடிக்கை பார்க்கலாம். ஊர் நிலத்தில் முக்கால்வாசி ஆற்றோரத்துப் பெரிய வீட்டுக்குச் சொந்தம். மீதி கடைத்தெருவில் கட்டடம் வைத்திருந்த சில குடும்பங்களுக்கு. ஆகவே பெரிய வீட்டுக்காரரே நகரசபைத் தலைவராக இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா இருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தம்பியும் கேட்டதில்லை. தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற, முன்மண்டை வழுக்கை விழுந்த மனிதர். பட்டறைத் தெருவில் இரும்பைக் கடைந்து உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறை நடத்திய அக்காவுக்குத் தம்பி என்பதால் அந்தத் தெருவுக்கே தம்பியாகிவிட்டார். அவர் பெற்ற பிள்ளைகளின் சிநேகிதர்கள்கூட அவரை 'தம்பி அங்கிள்' என்றுதான் கூப்பிட்டார்கள். வம்பு தும்புக்குப் போகாதவர். எதிரே மாடு வந்தாலும் ஒதுங்கி நின்று வழி விடுவார்.

அக்கா வேறு மாதிரி. இருவருடைய அப்பாவும் பெரிய வீட்டு வயல்களுக்குத் தண்ணீர் இறைத்த எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பிழைத்தவர். அந்தக் காலத்தில் பட்டறைத் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி ஏழைகள். ஒருவர் வீட்டு அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டு அடுப்பும் அநேகமாக எரிந்திருக்காது. பிறகு நெடுஞ்சாலை வந்தது. உடைந்த அச்சோடும் தேய்ந்த பல்சக்கரத்தோடும் லாரிகள் வந்து நின்றன. அக்கா ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டு, கல்யாணத்தை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளித் தள்ளியே அதை ஆறு லேத்துகளாக்கினார். பெரிய வீட்டுக்கு அடுத்தபடி ஊரில் கார் வாங்கியவர் அவர்தான். ஆனால் அந்தக் கார் நின்ற கொட்டகைகூட வாடகைதான். பெரிய வீடு நிலத்தை விற்காது. வாடகைக்கு மட்டும்தான் விடும்.

இப்படி இருக்கையில்தான் நகரசபை பட்டறைகளுக்கு மட்டும் ஒரு புது வரியைப் போட்டது. அந்தப் பணத்தில் ஆற்றங்கரைச் சாலைக்குக் கல் பாவப் போகிறார்களாம். பெரிய வீட்டு வாசல் வழியாகப் போகிற சாலை அது. பட்டறைத் தெருவிலோ ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். சாக்கடை எது, தெரு எது என்று தெரியாது.

அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு நகரசபைக் கூட்டத்துக்குப் போனார். வரியைப் பற்றிப் பேச்சு வந்ததும் எழுந்தார். "ஐயா, ஒரு விஷயம்..."

குமாஸ்தா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஓட்டு இருக்கறவங்கதாம்மா பேசலாம். நீங்க உக்காந்து கேக்கலாம், அதுக்குத் தடையில்ல."

"வரி கட்டறது நானு. பேசறது வேற ஆளா?"

"உக்காருங்கம்மா. எனக்கு வேலை போயிடும்."

அக்கா உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரின் வேலையைக் கெடுக்க அவருக்கு மனமில்லை. வரி நிறைவேறியது. தம்பிக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். ஏதோ கேட்டோம், நடக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம். ஆனால் வழி முழுக்க அக்கா பட்டறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். அக்கா எண்ண ஆரம்பித்தால் ஏதோ செய்யப் போகிறார் என்று தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா வேலையாட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். பட்டறைத் தெருவுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்கப் போவதாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், வெல்டரைத் தவிர. அக்காவிடமே தொழில் கற்று அக்காவிடமே வேலை பார்த்த மனிதர். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர்.

"பட்டறைத் தெருவுக்குன்னா யாருக்கு அக்கா? முதலாளிங்களுக்கா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"உங்களுக்கு ஓட்டு வந்தா உங்க வரி குறையும். நல்லதுதான். எங்க குடியிருப்புல தண்ணிக் குழாய் வருமா? பெரிய வீட்டுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைவிட உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள தூரம் இப்ப அதிகமாயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க."

அக்காவை யாரும் அப்படிப் பேசியதில்லை. அக்காவின் முகம் சிவந்தது. டம்ளரைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் சொன்னார்: "நீ சொல்றது சுள்ளுன்னுதான் இருக்கு. ஆனா பொய்யில்ல. சரி, எல்லாருக்கும்னே கேப்போம். இந்த ஊர்ல குடியிருக்கற எல்லாருக்கும். ஆம்பளை, பொம்பளை எல்லாருக்கும்."

"நடுவுல மாற மாட்டீங்களே?"

"நான் அளவு சொன்னா மாத்திச் சொல்லிப் பாத்திருக்கியா?"

அவ்வளவுதான். வெல்டரும் தலையாட்டினார்.

ஓட்டு தரும்வரை புது வரி கிடையாது என்று பட்டறைத் தெரு சொல்லிவிட்டது. நகரசபை ஆள் அனுப்பி, லாரிகளுக்கு ஸ்பிரிங் அடிக்கும் பட்டறையைப் பூட்டி சீல் வைத்தது. உடனே மற்ற எல்லாப் பட்டறைகளும் தாங்களாகவே கதவைச் சாத்திக்கொண்டன. சுத்தியல் சத்தம் நின்று போன தெருவில் காக்கை கரைவது கேட்டது. நெடுஞ்சாலை லாரிகள் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயின. கடைத்தெருவில் வியாபாரம் படுத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டினார்.

இரண்டு வாரம் போனது. தலைவர் சீலை எடுக்கச் சொல்லிவிட்டு, பட்டறை முதலாளிகளைத் தன் வீட்டுக்கு அழைத்தார்.

தம்பி அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தரை அவ்வளவு வழவழப்பு. வழுக்கிவிடுமோ என்று விரலை ஊன்றி ஊன்றி நடந்தார். தலைவர் கெட்டவர் இல்லை. எல்லோரையும் நாற்காலியில் உட்காரச் சொல்லி, தன் கையால் டீ எடுத்துக் கொடுத்தார்.

"சண்டை வேண்டாம். நீங்க இப்ப வசதியானவங்க. உங்களை வெளியில நிறுத்தி வச்சது தப்புதான், ஒத்துக்கறேன். பட்டறை லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு இனிமே ஓட்டு உண்டு. வரியைப் பாதியாக்கிடலாம். சம்மதமா?"

அறையில் பெருமூச்சு கேட்டது. லாரிக்கு பாடி கட்டுகிறவர் தொடையில் தட்டி, "இதைத்தானே நாங்க கேட்டோம்!" என்றார்.

"நாம இதைக் கேக்கல," என்றார் அக்கா. "எல்லாருக்கும்னு கேட்டோம்."

தலைவர் சிரித்தார். "உங்கப்பா இந்த வாசல்ல எத்தனையோ நாள் நின்னிருக்காரு. ஒரு நாளாவது ஓட்டு கேட்டிருப்பாரா?"

"அவர்கிட்டேர்ந்து எடுத்துக்க ஒண்ணும் இல்லீங்க ஐயா. அதனால கேக்கத் தோணல. எனக்கு நாலு காசு சேர்ந்த பிறகுதான் இதை யார் வேணா என்னைக் கேக்காம எடுக்கலாம்னு புரிஞ்சுது."

"அதைத்தான்மா நானும் சொல்றேன். உன்கிட்ட வேலை பாக்கறவனுக்கு ஓட்டு கொடுத்தா முதல்ல உன் மடியிலதான் கை வைப்பான். என் நிலத்துக்கு வர்றதுக்கு முன்னாடி உன் லேத்துக்கு வருவான்."

"வரட்டும். சபையில எழுந்து நின்னு, இன்னதுக்கு வேணும்னு சொல்லிட்டு வருவான். நானும் எழுந்து நின்னு முடியாதுன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் கத்துவோம். நீங்க எங்களைக் கத்தக்கூட விடலியே."

தலைவர் டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு அக்காவை விட்டுவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்க பட்டறை லைசென்ஸ் உங்க பேர்லதானே இருக்கு?"

இருந்தது. பெண் பெயரில் லைசென்ஸ் எழுத மாட்டோம் என்று ஆரம்பத்திலேயே நகரசபை சொல்லிவிட்டதால் அக்கா தம்பியின் பெயரைப் போட்டிருந்தார். அதாவது, ஆறு லேத்துகளையும் நிறுத்தி ஓட்டிய அக்காவுக்கு ஓட்டு இல்லை. அவற்றில் ஒன்றைக்கூடச் சரியாக ஓட்டத் தெரியாத தம்பிக்கு உண்டு.

"அப்ப முடிவு உங்களோடதுதான்," என்றார் தலைவர். "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

பிறந்ததிலிருந்து தம்பியிடம் யாரும் முடிவு கேட்டதில்லை. தெருவில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவியின் முகம் மலர்ந்தது.

"நிஜமாவா? நகரசபையில நீங்க பேசலாமா?"

"பேசலாமாம்."

"என்னங்க பேசுவீங்க?"

தம்பி யோசித்து, "ஆமோதிக்கிறேன்னு சொல்லுவேன்," என்றார். மனைவி சிரித்துவிட்டு, கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு?"

"உனக்கு எப்படி? லைசென்ஸ் இருக்கறவங்களுக்குத்தான்."

"ஓ," என்று சொல்லிவிட்டு மனைவி துணி மடிக்கப் போனார். அந்த 'ஓ' தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

மத்தியானம் பட்டறைக்குப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்கா தனியாக, துணியால் எண்ணெய் தொட்டு லேத்துகளுக்குப் பூசிக்கொண்டிருந்தார். ஓடாத எந்திரம் துருப்பிடிக்கும்.

"ஏன்க்கா பிடிவாதம்? இப்ப நாம உள்ள போவோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அவங்களையும் சேர்த்துக்கலாம்."

"உள்ள போனதும் நமக்கே கதவைச் சாத்தத் தோணும்டா. எனக்கும் தோணும். அதான் பயமா இருக்கு." அக்கா நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் இல்லாம, உள்ள எத்தனை பேரு, நாம எத்தனை பேரு? ஒவ்வொரு தடவையும் கை தூக்கித் தூக்கித் தோக்கணும். எல்லாரும் வந்தாத்தான் அந்த இடமே மாறும். அப்புறம், வெல்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

தம்பி ஒரு லேத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஆசையா இருக்குக்கா," என்றார்.

"தெரியுது. ஆசைப்பட்டா போட்டுக்கோ. பேரு உன்னோடது. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி எண்ணெய் பூசக் குனிந்தார்.

அக்கா திட்டியிருந்தால் தம்பி போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார். அக்காவுக்கு எதிராக ஒரு தடவையாவது ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அவரும் ஒரு துணியை எடுத்து, தெரிந்தமட்டும் ஒரு லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் நகரசபை அலுவலகத்தில் பாடி கட்டுகிறவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். இன்னும் நாலைந்து பேர் போட்டார்கள். தம்பியின் முறை வந்தது. தலைவர் பேனாவை நீட்டினார். சொல்ல நினைத்து வைத்திருந்த நல்ல வாக்கியமெல்லாம் பறந்துவிட்டது.

"எனக்கு வேணாங்க," என்றார். பிறகு, காரணம் சொல்லாமல் வந்தால் மரியாதை இல்லையே என்று, "என் வீட்டுக்காரியும் கேட்டா," என்று சேர்த்துக்கொண்டார்.

யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போடாமல் திரும்பி நடந்தது எல்லோருக்கும் புரிந்தது. அவர் பின்னாலேயே ஸ்பிரிங் பட்டறைக்காரரும் எழுந்து வந்துவிட்டார்.

கையெழுத்துப் போட்டவர்கள் பட்டறையைத் திறந்தார்கள். போராட்டம் உடைந்துவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது. தம்பியும் நினைத்தார். அன்று சாயங்காலமே அக்கா வெல்டரைக் கூப்பிட்டு, லேத்துகளின் அடி போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார்.

"எதுக்குக்கா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க ரொம்ப நாளாக் கூப்பிடறாங்க. இடம் தர்றேங்கறாங்க. அங்க குடியிருக்கறவனுக்கெல்லாம் ஓட்டும் இருக்கு. பெரிய வீட்டால அதோட நிலத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. என்னால லேத்தைத் தூக்கிட்டுப் போக முடியும்."

ஒரு லேத்தை இடம் பெயர்ப்பது லேசான காரியமில்லை. அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, அங்குலம் அங்குலமாக வாசலுக்கு நகர்த்தி, சங்கிலிக் கப்பி போட்டு லாரியில் ஏற்ற வேண்டும். அக்காவின் ஆட்கள் போதவில்லை. அப்போது பாடி கட்டுகிறவரின் ஆட்கள் வந்தார்கள். அவர் பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அவருடைய தச்சரும் பெயிண்டரும் உதவியாளர்களும் அக்காவின் லேத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க முதலாளி கூப்பிடலியா?" என்று தம்பி தச்சரைக் கேட்டார்.

"கூப்பிட்டாரு. அவருக்கு ஓட்டு கிடைச்சிருச்சுல்ல, அதை வச்சு பாடி கட்டிக்கட்டும்னு வந்துட்டோம்."

காலையில் லாரிகள் கிளம்பின. முன்னால் அக்காவின் லேத்துகள் ஏற்றிய லாரிகள், பின்னால் ஸ்பிரிங் பட்டறை லாரி, அதற்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான்களோடு வேலையாட்களின் குடும்பங்கள். பாலத்துக்குப் போக ஒரே வழி கடைத்தெரு. வெயிலில் எண்ணெய் மினுமினுக்க அந்த லேத்துகள் கடைத்தெருவில் போனதைத் தம்பி முதல் லாரியில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊர் தன் கண் முன்னாலேயே காலியாவதை ஊரே நின்று பார்த்தது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். சொந்தக் கட்டடம் உள்ளவர், நகரசபை உறுப்பினர். இதுவரை தலைவர் கை தூக்கியபோதெல்லாம் கை தூக்கியவர். லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"என்னம்மா இது? நீங்கல்லாம் போயிட்டா நான் யாருக்கு மருந்து விப்பேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். வாயால சொல்ல விடல. அதான் காலால சொல்றேன்," என்றார் அக்கா.

பின்னாலேயே துணிக்கடை, பாத்திரக்கடை, விடுதி வைத்திருந்தவர் என்று கட்டடக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். "சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்க," என்று மருந்துக்கடைக்காரர் கெஞ்சினார். அக்கா வெல்டரைப் பார்த்தார். வெல்டர் மற்றவர்களைப் பார்த்தார். லாரிகள் ஓரங்கட்டி நின்றன. யாரோ எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்கள்.

நகரசபை அவசரமாகக் கூடியது. உள்ளே நடந்த கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. தலைவர் கடைசிவரை எதிர்த்தார். ஏழைகள் பெரும்பான்மையானால் ஊரில் ஒருவருக்கும் எதுவும் மிஞ்சாது என்றார். மருந்துக்கடைக்காரர் எழுந்து, "ஊரே மிஞ்சாது போல இருக்கு, ஐயா," என்றாராம். கை தூக்கச் சொன்னபோது தலைவர் பக்கம் குறைந்துவிட்டது.

தம்பிக்கு அன்று மறக்க முடியாததாக இருந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். முடிவைக் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பிவிட்டுத் தலைவர் பின்வாசல் வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. முன்படிக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, தடுமாறாத குரலில் படித்தார்: இந்த ஊரில் குடியிருக்கும் வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டு. படித்துவிட்டு, "எனக்கு இதுல சம்மதம் இல்ல. ஆனா சபை சொல்லிடுச்சு," என்றார். அக்கா லாரியிலிருந்து இறங்கி அவருக்குக் கும்பிடு போட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

லேத்துகள் மறுபடி பட்டறைக்குள் போக முழுதாக ஒரு நாள் பிடித்தது. இறக்கும்போது ஏற்றியதைவிட அதிகமாகத் திட்டு விழுந்தது. ஆனால் எல்லாம் சிரித்துக்கொண்டே திட்டியது.

தேர்தல் வந்தது. பட்டறைத் தெருவின் உறுப்பினர் இடத்துக்கு அக்கா நின்றார். அவரை எதிர்த்து யார் நிற்பார்கள் என்று தம்பி இறுமாந்திருந்தபோது, வெல்டர் வந்து நின்றார். நேராகப் பட்டறைக்கே வந்து சொல்லிவிட்டுத்தான் நின்றார்.

"அக்கா, குழாய் விஷயம் உங்களுக்கு அவ்வளவு அவசரமா இருக்காது. எனக்கு அவசரம். அதான்."

"நில்லு. யாரு வேண்டாம்னா? இந்த வேலையை முடிச்சுட்டு நில்லு," என்றார் அக்கா, லேத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெல்டர் ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான். அக்காவுக்கு வலித்தது. இரண்டு நாள் பட்டறையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் நங்கென்று வைத்தார். மூன்றாம் நாள் வெல்டர் வேலைக்கு வந்து தயங்கி நின்றபோது, "உறுப்பினர் ஐயா, அந்தக் கைப்பிடி விட்டுப்போச்சு, கொஞ்சம் பத்த வச்சுக் குடுங்க," என்றார். பட்டறையே சிரித்தது.

புதிய சபை குடியிருப்புக்குக் குழாய் போட்டது. பட்டறைத் தெருவுக்குச் சாக்கடை கட்டியது. அதற்காகப் பெரிய வீட்டு நிலத்துக்கு வரி போட்டது. பட்டறை வரியையும் கொஞ்சம் ஏற்றியது. அன்றைக்கு அக்கா சபைக்குப் போய், வெல்டரை நேருக்கு நேர் நிறுத்திக் காது கிழியக் கத்தினார். அவரும் கத்தினார். குமாஸ்தா இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் டம்ளரோடு ஓடினார். ஏற்றியதில் பாதி குறைந்தது. அக்கா திரும்பி வரும்போது, இத்தனை வருஷத்தில் தம்பி பார்த்திராத ஒரு துள்ளல் அவர் நடையில் இருந்தது. தேர்தலில் தோற்றுப்போன ஒருத்தி இப்படி நடப்பாளா என்று தம்பி வியந்தார்.

தம்பிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. ஓட்டுப் போட்ட அன்று அவரும் மனைவியும் ஒரே வரிசையில் நின்று போட்டார்கள். மனைவி மறைப்புக்குள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு வந்த பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தம்பி கேட்டார்.

"நீ அக்காவுக்குத்தானே போட்டே?"

மனைவி தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். "நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அக்காவுக்குத்தான். வேற யாருக்கு?"

"சரி," என்றார் மனைவி. "நான் போட்டது எனக்கும் பெட்டிக்கும் தெரியும். நீங்க சாப்பிடுங்க."